ஒளிவாள் பிடி: பிக்சல் எல்இடி வயரிங் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

இங்கே எடுத்துக்கொள்ளும் ஒளிவாள் (லைட்சேபர்) அமைப்பு இதுதான். அலுமினியப் பிடி. உள்ளே ஒரே ஒரு 18650 லித்தியம் செல். ஒலியையும் ஒளியையும் ஆளும் ஒரு போர்டு: புரொஃபிபோர்டு, அல்லது நீங்களே நிரல் எழுதிய ஈஎஸ்பி32. பிளேடு என்பது பாலிகார்பனேட் குழாய். அதற்குள் மீட்டருக்கு 144 பிக்சல் (தனித்தனியே நிறம் மாற்றக்கூடிய எல்இடி) உள்ள டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப் இரண்டு, முதுகோடு முதுகு ஒட்டியபடி. ஒரு பக்கத்துக்கு 132 பிக்சல், மொத்தம் 264. பிடிக்கும் பிளேடுக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்த போகோ பின் கனெக்டர். உங்களுடையது இதிலிருந்து கொஞ்சம் மாறியிருந்தாலும் கோளாறுகள் இவைதான்.

மின்சாரம் போகும் பாதையை முதலில் மனதில் வரைந்துகொள்ளுங்கள். செல்லின் பாசிட்டிவ் நேராக பிளேடின் பாசிட்டிவுக்குப் போகிறது. நெகட்டிவ் மட்டும் போர்டில் உள்ள மாஸ்ஃபெட் எனும் மின்னணு சுவிட்ச் வழியாகத் திரும்புகிறது. மாஸ்ஃபெட் திறந்தால் பிளேடு எரியும், மூடினால் அணையும். மூன்றாவது வயர் டேட்டா. போர்டிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக இரண்டு ஸ்ட்ரிப்களின் முதல் பிக்சலுக்கும் ஒரே நேரத்தில் போகிறது. ஆக, பிளேடு அணைந்திருக்கும்போதும் கனெக்டரின் பாசிட்டிவ் பின்னில் உயிர் இருக்கிறது. இதை மறந்தால் பின்னால் வரும் பாதி அறிகுறிகள் புரியாது.

இந்த வேலையில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று: பிக்சலும் போர்டும் அரிதாகவே கெடுகின்றன. கெட்டது பெரும்பாலும் ஒரு ஈயப் பற்று, ஒரு மெல்லிய வயர், தளர்ந்த ஸ்பிரிங். ஆனால் நிரலைத் திருத்துவதும் புது ஸ்ட்ரிப் வாங்குவதும் சுலபமாகத் தெரிவதால் எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். முதலில் மீட்டரை எடுங்கள்.

கை வைக்கும் முன்

ஈயம் வைக்கும்போது செல் வெளியே இருக்க வேண்டும், எப்போதும். பாதுகாப்புச் சுற்று இல்லாத 18650 ஷார்ட் ஆனால் பத்துக்கணக்கான ஆம்பியர் பாயும். மெல்லிய வயர் கண்ணெதிரே சிவக்கும். செல்லின் மேல் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் அதை மாற்றாமல் அலுமினியப் பிடிக்குள் போடவே கூடாது. செல்லின் முனையில் நேரடியாக ஈயம் வைக்காதீர்கள்.

தேவையானவை: மல்டிமீட்டர், 320 முதல் 350 டிகிரி வரை வைக்கக்கூடிய சால்டரிங் அயர்ன், பிளக்ஸ், 330 ஓம் ரெசிஸ்டர் சில, எட்டுப் பிக்சல் கொண்ட ஒரு நல்ல ஸ்ட்ரிப் துண்டு, பிளேடைத் தனியே சோதிக்க இன்னொரு மைக்ரோகண்ட்ரோலர். மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளை இருந்தால் இன்னும் நல்லது. புதிதாக வயர் செய்த எதையும் முதலில் 3.7 வோல்ட், 0.5 ஆம்பியர் வரம்பில் எழுப்புங்கள். ஷார்ட் இருந்தால் வோல்டேஜ் விழும், அவ்வளவுதான், எதுவும் புகையாது.

முதலில் பிரியுங்கள்: கோளாறு பிடியிலா, பிளேடிலா?

பிளேடைக் கழற்றிவிட்டு, எட்டுப் பிக்சல் துண்டை பிடியின் கனெக்டரில் பாசிட்டிவ், நெகட்டிவ், டேட்டா மூன்றிலும் இணையுங்கள். அது ஒழுங்காக எரிந்தால் பிடியின் வயரிங் அடிப்படையில் சரி. எரியாவிட்டால் பிளேடைத் தொடவே வேண்டாம், கோளாறு பிடிக்குள்.

அடுத்து பிளேடைத் தனியே ஓட்டுங்கள். அர்டுயினோ நானோவைக் கொண்டு சோதிப்பதானால் ஸ்ட்ரிப்புக்கு 5 வோல்ட் கொடுக்க வேண்டும். நானோவின் டேட்டா 5 வோல்ட், ஸ்ட்ரிப்பை 3.7 வோல்ட்டில் வைத்து 5 வோல்ட் டேட்டா கொடுத்தால் முதல் பிக்சலின் உள்ளீட்டு வரம்பு மீறும். அந்த வரம்பு சப்ளையைவிட அரை வோல்ட்தான் அதிகம். ஈஎஸ்பி32 என்றால் 3.3 வோல்ட் டேட்டா, ஸ்ட்ரிப்புக்குச் செல் வோல்டேஜ். இந்த இணை பொருந்தும். எப்படியானாலும் இரண்டின் நெகட்டிவும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிக்சலைக் குறைந்த வெளிச்சத்தில் எரியவைத்து அடியிலிருந்து நுனிவரை நகர்த்தும் நிரல் போதும். எங்கே நிற்கிறது என்பதை எண்ணிக் குறித்துவையுங்கள்.

ஒலியும் இல்லை, ஒளியும் இல்லை

இது எல்இடி பிரச்சினை அல்ல, போர்டுக்கே மின்சாரம் வரவில்லை. போர்டின் பேட்டரி பேடுகளில் அளவெடுங்கள். செல்லில் 4 வோல்ட் இருந்து போர்டில் ஒன்றும் இல்லையென்றால் நடுவில் இருப்பது கில் சுவிட்ச் (மின்சாரத்தை முழுதும் துண்டிக்கும் சுவிட்ச்) அல்லது சார்ஜிங் சாக்கெட்.

2.1 மில்லிமீட்டர் சார்ஜிங் சாக்கெட்டில் மூன்று கால்கள். நடு ஊசி செல்லின் பாசிட்டிவ். மற்ற இரண்டும் நெகட்டிவ் பக்கம். ஒன்றில் செல், மற்றதில் போர்டு. கில் கீயைச் (சாக்கெட்டில் போட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் வெற்றுச் செருகி) செருகினால் இந்த இரண்டும் பிரிய வேண்டும், எடுத்தால் சேர வேண்டும். செல்லை வெளியே எடுத்துவிட்டு, மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் சோதனை) வைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த இரண்டு கால்களும் இடம் மாறியிருந்தால் வாள் வேலை செய்யும், கில் கீயும் வேலை செய்யும், சார்ஜ் மட்டும் ஏறாது. அதனால் பலர் நெடுநாள் சார்ஜரையே சந்தேகித்துக்கொண்டிருப்பார்கள்.

ஈஎஸ்பி32 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பல மலிவு போர்டுகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டருக்கு உள்ளே வரும் வோல்டேஜ், வெளியே போவதைவிட ஏறத்தாழ 1 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும். 3.7 வோல்ட் செல்லை அதன் 5 வோல்ட் முனையில் கொடுத்தால் சிப்புக்குக் கிடைப்பது 2.7 வோல்ட் அளவுதான். யுஎஸ்பியில் நன்றாக ஓடும், செல்லில் எழாது. குறைந்த இழப்புள்ள ரெகுலேட்டர் கொண்ட போர்டை வாங்குவதுதான் தீர்வு.

ஒலி வருகிறது, பிளேடு முழுதும் இருட்டு

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மூன்று சோதனைகள், இதே வரிசையில்.

ஒன்று, பிளேடை மாட்டி, ஆன் செய்து, கனெக்டரின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே அளவெடுங்கள். செல் வோல்டேஜுக்கு அருகில் வர வேண்டும். பிளேடு இல்லாமல் அளந்தால் மாஸ்ஃபெட் மூடியிருக்கும்போதும் மீட்டர் ஏதோ ஒரு வோல்டேஜைக் காட்டி ஏமாற்றலாம். பிளேடு இல்லாமல் அளக்க வேண்டுமானால் இரண்டு பின்களுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து அளக்க வேண்டும்.

வோல்டேஜ் இல்லையென்றால் மாஸ்ஃபெட் திறக்கவில்லை. புரொஃபிபோர்டில் இதற்கான பேடுகள் ஆறு இருக்கின்றன. பிளேடின் நெகட்டிவ் எந்தெந்த எண் பேடில் ஈயம் வைக்கப்பட்டிருக்கிறதோ, அதே எண்கள் போர்டின் அமைப்பைச் சொல்லும் கன்ஃபிக் கோப்பிலும் இருக்க வேண்டும். வழக்கமாக 2, 3 இரண்டையும் இணையாகச் சேர்ப்பார்கள். வயர் 1, 2-இல் இருந்து கோப்பில் 2, 3 என்றிருந்தால் பிளேடு எரியும். ஆனால் முழு மின்னோட்டமும் ஒரே மாஸ்ஃபெட்டில் போய் அது சுடும். தொட்டுப் பார்த்தால் தெரியும்.

சொந்தமாக மாஸ்ஃபெட் வைத்தவர்கள் அதன் எண்ணைப் பாருங்கள். ஐஆர்எஃப்இசட்44என், ஐஆர்எஃப்540என் போன்றவற்றின் கேட்டுக்கு (மாஸ்ஃபெட்டைத் திறக்கவைக்கும் கால்) 10 வோல்ட் வேண்டும், 3.3 வோல்ட்டில் அவை அரைகுறையாகத்தான் திறக்கும், மங்கலாக எரியும் அல்லது எரியவே எரியாது. ஏஓ3400 போன்றது 2.5 வோல்ட்டிலேயே திறந்துவிடும். ஒன்று போதாது, பிளேடுக்கு இரண்டு அல்லது மூன்றை இணையாக வையுங்கள். கேட்டிலிருந்து நெகட்டிவுக்கு 10 கிலோ ஓம் ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் போர்டு எழும் நேரத்தில் பிளேடு திடீரென்று ஒரு முறை மின்னும்.

இரண்டு, டேட்டா. ஆசிலோஸ்கோப் இல்லாமலும் ஓரளவு பார்க்கலாம். 132 பிக்சலுக்கு ஒரு முறை தகவல் அனுப்ப ஏறத்தாழ 4 மில்லிசெகண்ட் ஆகிறது. ஒரு பிக்சலுக்கு 24 பிட், ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோசெகண்ட். பிளேடு ஓடும்போது இது இடைவிடாமல் நடப்பதால், டிசி வோல்ட்டில் வைத்த மீட்டர் சராசரியாக ஏதோ ஒரு நடுமதிப்பைக் காட்டும், அது நிறம் மாற மாறக் கொஞ்சம் ஆடும். ரெசிஸ்டருக்கு முன்னாலும் பின்னாலும் அளவெடுங்கள். முன்னால் இருந்து பின்னால் இல்லையென்றால் பற்று விட்டிருக்கிறது, அல்லது முதல் பிக்சல் டேட்டா வயரை நெகட்டிவோடு ஷார்ட் செய்துகொண்டிருக்கிறது. இரண்டு இடத்திலும் அசையாமல் 0 என்றால் போர்டு அனுப்பவே இல்லை.

மூன்று, முதல் பிக்சல் உயிரோடு இருக்கிறதா? செல்லை எடுத்துவிட்டு, பிளேடைக் கழற்றி, மீட்டரை டயோடு சோதனைக்கு மாற்றுங்கள். சிவப்பு முனை பிளேடின் நெகட்டிவில், கறுப்பு முனை டேட்டாவில். நல்ல பிக்சல் 0.5 முதல் 0.7 வோல்ட் அளவைக் காட்டும். 0 என்றால் உள்ளீடு ஷார்ட். ஒன்றுமே காட்டாவிட்டால் வயர் துண்டு, அல்லது உள்ளீடு எரிந்துபோயிற்று. இரண்டு ஸ்ட்ரிப்களும் இணையாக இருப்பதால் ஒன்றின் ஷார்ட் மற்றதையும் இருட்டாக்கும். ஒரு ஸ்ட்ரிப்பின் டேட்டா வயரைத் தூக்கிவிட்டு மறுபடி அளந்தால் குற்றவாளி தெரியும்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் எரியாவிட்டால் ஸ்ட்ரிப்பின் அம்புக்குறியைப் பாருங்கள். அம்பு பிடியிலிருந்து நுனியை நோக்கிப் போக வேண்டும். முதுகோடு முதுகு ஒட்டும்போது ஒரு ஸ்ட்ரிப் தலைகீழாகப் போய்விடுவது சாதாரணம். டிஓ (டேட்டா வெளியேறும் முனை) என்று அச்சிட்ட பேடில் எவ்வளவு டேட்டா கொடுத்தாலும் எதுவும் நடக்காது.

பாதி தூரம் எரிந்து நின்றுவிடுகிறது

டபிள்யூஎஸ்2812பி பிக்சல் ஒவ்வொன்றும் தன் பங்கான 24 பிட்டை எடுத்துக்கொண்டு, மீதியைப் புதிதாக வடிவமைத்து அடுத்ததற்குக் கொடுக்கிறது. எனவே ஒன்று நின்றால் அதற்குப் பின்னால் எல்லாம் நிற்கும். சந்தேகம் எப்போதும் இரண்டு பிக்சல் மேல்: கடைசியாக எரிந்தது, முதலில் எரியாதது. எரிந்துகொண்டிருப்பதன் வெளியீடு செத்திருக்கலாம்; எரியாததன் உள்ளீடு செத்திருக்கலாம். எரியாததை மட்டும் மாற்றிவிட்டு, பயனில்லாமல் திகைப்பது இதனால்தான்.

ஆனால் பிக்சலைக் குறைசொல்லும் முன் எண்ணிக்கையைப் பாருங்கள். 72-வது பிக்சலில் நிற்கிறதா? 144 ஸ்ட்ரிப் பெரும்பாலும் அரை மீட்டர் துண்டுகளாகச் செய்து தொழிற்சாலையில் ஈயம் வைத்து ஒட்டப்படுகிறது. அரை மீட்டருக்கு 72 பிக்சல். அந்த ஒட்டு வளைந்தாலோ, குழாய்க்குள் இழுத்துச் செருகும்போது சிரமப்பட்டாலோ முதலில் விடுவது அங்கேதான். டேட்டா பேடு விட்டால் 72-க்குப் பின் முழு இருட்டு. நெகட்டிவ் பேடு விட்டால் விசித்திரமான மங்கலும் தவறான நிறங்களும். பிளக்ஸ் தடவி, மூன்று பேடுகளையும் மறுபடி உருக்கி, மேலே மெல்லிய வயர் துண்டு ஒன்றைப் பாலமாக வையுங்கள். ஒவ்வொரு பேடுக்கும் இரண்டு செகண்டுக்கு மேல் அயர்னை வைக்காதீர்கள்; நெகிழ் பலகையில் செம்பு உரிந்து வந்துவிடும்.

சொல்லப்போனால் புது ஸ்ட்ரிப்பைக் குழாய்க்குள் செருகும் முன்பே இந்த ஒட்டுகளை வலுப்படுத்திவிடுவது நல்லது. உள்ளே போன பிறகு வெளியே எடுப்பது பெரும்பாடு.

நடுவில் ஒரு பிக்சல் உண்மையிலேயே செத்திருந்தால் அதைச் சூடுகாட்டி எடுத்துவிட்டு புதிது வைக்கலாம். அதன் ஒரு மூலையில் இருக்கும் குறி எந்தப் பக்கம் என்று பழையதை எடுக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பிக்சல் செத்திருந்தால் அதை வெட்டிவிட்டு இரண்டாவதை முதலாவதாக்குவது எளிது. அப்போது மற்ற ஸ்ட்ரிப்பிலும் ஒன்றை வெட்டி, கன்ஃபிக்கில் எண்ணிக்கையை ஒன்று குறையுங்கள். இல்லாவிட்டால் பிளேடு நீளும்போது இரு பக்கமும் ஒரு பிக்சல் தள்ளித் தெரியும்.

நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறினால் அது பிக்சல் கோளாறே அல்ல. வோல்டேஜ் விழுகிறது, அடுத்த பகுதியைப் படியுங்கள்.

எரியத் தொடங்கியதும் போர்டு அணைந்து மறுபடி எழுகிறது

தொடக்க ஒலி திரும்பத் திரும்பக் கேட்கும். நிறம் நீலமோ சிவப்போ என்றால் ஓடும், வெள்ளையில் மட்டும் விழும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 264 பிக்சலும் முழு வெள்ளையில், பழைய வகை என்றால் ஒன்றுக்கு 60 மில்லிஆம்பியர் வரை, மொத்தம் ஏறத்தாழ 16 ஆம்பியர். புதிய வகை ஒன்றுக்கு 36 அளவில், மொத்தம் 9.5. செல் வோல்டேஜில் ஓடும்போது நடைமுறையில் இதைவிடக் குறையும். ஆனாலும் 8 ஆம்பியரைத் தாங்கும்படிதான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

செல்: தொடர்ந்து 15 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் கொடுக்கக்கூடியது வேண்டும். லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்கள் இதற்கு ஆகாது. 18650 அளவில் "9800 எம்ஏஹெச்" என்று உறையில் எழுதியிருந்தால் அது பொய். அந்த உடலுக்குள் அவ்வளவு கொள்ளளவு அடங்காது.

பாதை: இதற்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, வெள்ளை எரியும்போது சிவப்பு முனையைச் செல்லின் பாசிட்டிவிலும், கறுப்பு முனையைப் போர்டின் பாசிட்டிவ் பேடிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது அந்தத் துண்டில் மட்டும் தொலையும் வோல்டேஜ். பிறகு போர்டிலிருந்து கனெக்டருக்கு. பிறகு நெகட்டிவ் பக்கம் இதேபோல். எந்தத் துண்டும் 100 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டும் துண்டில்தான் வேலை. போர்டு உடனே அணைந்து அளக்க முடியாவிட்டால் வெளிச்சத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்து, வரம்பை 25 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகப் பிடிபடுபவை மூன்று. செல் ஹோல்டரின் இரும்பு ஸ்பிரிங். அதன் இரு முனைகளையும் சேர்த்து ஒரு செம்பு வயர் ஈயம் வைத்தால் தீர்ந்தது. கில் சுவிட்ச், சின்ன ஸ்லைடு சுவிட்சுகள் அரை ஆம்பியருக்கே செய்யப்பட்டவை, 8 ஆம்பியரில் உள்ளே உருகும். மெல்லிய வயர், 30 ஏடபிள்யூஜி (வயர்த் தடிமன் எண், எண் கூடினால் வயர் மெல்லியது) வயர் மீட்டருக்கு 0.34 ஓம், போகவும் வரவும் சேர்த்து 30 சென்டிமீட்டர் என்றால் 8 ஆம்பியரில் 0.8 வோல்ட் போய்விடும். அதே நீளத்துக்கு 22 ஏடபிள்யூஜியில் 0.13 வோல்ட்தான். மின்சாரத்துக்கு 22, டேட்டாவுக்கு 28 அல்லது 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாவுக்குத் தடித்த வயர் இடத்தை அடைப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது.

இதற்கு நெருங்கிய இன்னொரு அறிகுறி: ஒரு கணம் எரிந்து எல்லாம் செத்துவிடுகிறது, சார்ஜரைச் செருகினால்தான் மறுபடி எழுகிறது. டிபி4056 சார்ஜர் போர்டின் பாதுகாப்பு வெளியீட்டிலிருந்து பிளேடுக்கு மின்சாரம் எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பாதுகாப்புச் சுற்று சுமார் 3 ஆம்பியரில் துண்டித்துவிடும். பாதுகாப்புச் சுற்று உள்ளேயே வைத்து வரும் செல்களிலும் இதே கதை. பிளேடின் வயர்களைச் செல்லிலிருந்து நேரே எடுத்து, அந்தப் பாதையில் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வைக்க வேண்டும். குறைந்த வோல்டேஜில் நிறுத்தும் வேலையை அப்போது போர்டின் நிரல் செய்ய வேண்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே செல்லை இறக்காதீர்கள்.

அடியில் வெள்ளை, நுனியில் ஆரஞ்சு

சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட்டும் அதற்கு மேலும் வேண்டும். ஸ்ட்ரிப்பின் மெல்லிய செம்பில் போகப் போக வோல்டேஜ் குறையும்போது நீலமும் பச்சையும் முதலில் மங்கி, சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. செல் இறங்கியிருந்தால் பிளேடு முழுதுமே இப்படி ஆகும். முதலில் சார்ஜ் செய்து பாருங்கள். நுனியில் மட்டும் என்றால் நுனியில் இரு ஸ்ட்ரிப்களின் பாசிட்டிவைப் பாசிட்டிவோடும் நெகட்டிவை நெகட்டிவோடும் இணையுங்கள். டேட்டாவை இணைக்காதீர்கள். ஒரு ஸ்ட்ரிப்பின் நடு ஒட்டு பலவீனமாக இருந்தால் மற்றது கைகொடுக்கும். இரு ஸ்ட்ரிப்பும் சமமாக ஆரஞ்சாகிறது என்றால் இதனால் பெரிய மாற்றம் வராது. வெளிச்சத்தை நான்கில் மூன்றாகக் குறைப்பதுதான் நேர்வழி, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

மினுமினுப்பு, அங்கங்கே தவறான நிறம் தெறிக்கிறது

செல்லிலிருந்து நேரே ஓடும் வாளில் இது அநேகமாகத் தளர்ந்த நெகட்டிவ் அல்லது அழுக்கான டேட்டா பின். ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் கனெக்டரின் இரு பக்கமும் துடையுங்கள், நெகட்டிவ் பற்றை மறுபடி உருக்குங்கள்.

செல் வோல்டேஜை 5 வோல்ட்டாக உயர்த்தும் பூஸ்டர் வைத்தவர்களுக்குக் காரணமே வேறு. பிக்சல் ஒரு சமிக்ஞையை "உயர்" என்று ஏற்க, அது சப்ளையில் 70 சதவீதம் இருக்க வேண்டும். 5 வோல்ட்டுக்கு 3.5. போர்டு தருவது 3.3. சில நேரம் ஏற்கும், சில நேரம் ஏற்காது. சூடு மாறினாலும் மாறும். செல்லில் நேரே ஓடினால் முழு சார்ஜில்கூட 4.2 வோல்ட்டுக்கு 2.94 போதும், அதனால்தான் வாள்களில் பூஸ்டர் இல்லாமலே நன்றாக ஓடுகிறது. எங்கள் யோசனை, பூஸ்டரை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாத அமைப்பென்றால் 74ஏஹெச்சிடி125 சிப் ஒன்றை 5 வோல்ட்டில் வைத்து டேட்டாவை உயர்த்துங்கள்.

அணைத்த பிறகும் மங்கலாக ஒளிர்கிறது. இரவில் செல் காலியாகிறது

இவை இரண்டு வேறு கோளாறுகள். செல் காலியாவது எளிய கதை: பிளேடின் நெகட்டிவ் மாஸ்ஃபெட் வழியாகப் போகாமல் நேரே செல்லுக்குப் போகிறது. பிக்சல் இருட்டாக இருக்கும்போதும் உள்ளே இருக்கும் சிப் அரை மில்லிஆம்பியரிலிருந்து ஒரு மில்லிஆம்பியர்வரை குடிக்கும். 264 பிக்சலுக்கு 130 முதல் 260 மில்லிஆம்பியர். 3000 எம்ஏஹெச் செல் ஒரு நாள்கூடத் தாங்காது.

மங்கல் ஒளி கொஞ்சம் நுட்பமானது. மாஸ்ஃபெட் மூடியதும் பிளேடின் நெகட்டிவ் வயர் அந்தரத்தில் நிற்கிறது. பிக்சல்கள் வழியாக அது பாசிட்டிவ் அளவுக்கு மேலேறுகிறது. அந்த நேரத்தில் போர்டின் டேட்டா பின் 0 வோல்ட்டில் இருந்தால், முதல் பிக்சலின் உள்ளீட்டில் இருக்கும் பாதுகாப்பு டயோடு திறந்துகொள்கிறது. டயோடு சோதனையில் 0.6 காட்டியது இதே டயோடுதான். செல்லிலிருந்து பிக்சல்கள் வழியே, டேட்டா வயர் வழியே, போர்டின் பின்னுக்குள் மின்சாரம் வடிகிறது. 330 ஓம் இருந்தால் அது பத்து மில்லிஆம்பியருக்குள் அடங்கும். இல்லாவிட்டால் முதல் பிக்சலோ போர்டின் டேட்டா பின்னோ ஒரு நாள் போய்விடும். முதல் பிக்சல் அடிக்கடி சாகும் வாள்களில் நாங்கள் முதலில் தேடுவது இந்த ரெசிஸ்டரைத்தான். சொந்த நிரல் எழுதுபவர்கள் அணைக்கும்போது டேட்டா பின்னை உயர் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு மாஸ்ஃபெட்டை மூடுங்கள்.

நிறம் மாறி வருகிறது

சிவப்பு கேட்டால் பச்சை வந்தால் நிற வரிசை தவறு. டபிள்யூஎஸ்2812பி பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையை எதிர்பார்க்கிறது. கன்ஃபிக்கில் மாற்றினால் முடிந்தது, வயரில் கை வைக்க வேண்டாம்.

ஒரே நிறம் கேட்டும் மூன்று பிக்சலுக்கு ஒரு முறை திரும்பும் வண்ணக் கோலம் வந்து, நுனியில் கால் பங்கு எரியாமல் போனால், வாங்கியது வெள்ளைச் சிப்பும் சேர்ந்த நான்கு நிற எஸ்கே6812. அது பிக்சலுக்கு 32 பிட் கேட்கிறது, நீங்கள் 24 அனுப்புகிறீர்கள். 132 பிக்சலுக்கான தகவல் 99-லேயே தீர்ந்துவிடும்.

பிளேடைத் திருப்பினால் எரிகிறது, விட்டால் அணைகிறது

போகோ பின். நடுவில் டேட்டா, சுற்றிலும் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் பல பின்கள். பல வைப்பது மின்னோட்டத்தைப் பங்கிட. ஒவ்வொரு பின்னையும் நகத்தால் அழுத்திப் பாருங்கள், எல்லாம் ஒரே உயரத்துக்கு எழும்ப வேண்டும். ஈயம் அல்லது பிளக்ஸ் உள்ளே வழிந்து சிக்கிய பின்னைச் சுத்தம் செய்து பயனில்லை, கனெக்டரை மாற்றுங்கள். பிளேடு முழு ஆழம் இறங்குகிறதா, பிடிப்பு ஸ்க்ரூ அதை ஒரு பக்கமாகச் சாய்க்கிறதா என்றும் பாருங்கள்.

வேறொருவர் செய்த பிளேடை மாட்டும் முன் எந்த வளையம் பாசிட்டிவ் என்று டயோடு சோதனையில் உறுதிசெய்யுங்கள். எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே வரிசையைப் பின்பற்றுவதில்லை. தலைகீழாக மாட்டினால் முதல் கணத்திலேயே பிக்சல்கள் போகும்.

பிடியில் உள்ள அலங்கார பிக்சல் எரிகிறது, பிளேடு இல்லை

கனெக்டரின் உட்பக்கத்திலோ கிரிஸ்டல் அறையிலோ வைத்த பிக்சல்கள் பிளேடோடு ஒரே சங்கிலியில் இருந்தால் டேட்டா முதலில் அவற்றின் வழியாகத்தான் வர வேண்டும். அவற்றின் கடைசிப் பிக்சலின் டிஓ பேடிலிருந்து பிளேடுக்கு வயர் போகிறதா? இன்னொன்று: அலங்காரப் பிக்சல்களுக்குத் தனி மாஸ்ஃபெட் இருந்து, நிரல் அதை மூடினால், சங்கிலியே அறுந்து பிளேடும் இருட்டாகும். பிளேடு எரியும்வரை இரண்டும் திறந்திருக்க வேண்டும். எண்ணிக்கையும் சேர்த்துப் போட வேண்டும்: 5 பிக்சல் பிடியில் என்றால் பிளேடு 6-வதிலிருந்து தொடங்குகிறது. இடமிருந்தால் அலங்காரத்துக்குத் தனி டேட்டா பின் கொடுத்துவிடுங்கள், இந்தத் தொல்லை எதுவும் இருக்காது.

மேசையில் எரிகிறது, பிடிக்குள் போட்டால் எரியவில்லை

அலுமினியம் மின்கடத்தி. செல்லை எடுத்துவிட்டு, பிடியின் உடலுக்கும் செல் ஹோல்டரின் பாசிட்டிவுக்கும், பிறகு நெகட்டிவுக்கும், பிறகு டேட்டாவுக்கும் கன்டினியூட்டி பாருங்கள். மூன்றிலும் ஒலி வரக் கூடாது. அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. மீட்டர் முனையை உள்ளே கீறல் விழுந்த இடத்திலோ ஸ்க்ரூ மரையிலோ வையுங்கள், இல்லாவிட்டால் ஷார்ட் இருந்தும் தெரியாது.

ஒலி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பிளேடைப் பிடிக்கும் ஸ்க்ரூ: அதன் நுனி உள்ளே எட்டி வயரின் உறையைக் குத்தியிருக்கும். ஸ்க்ரூவை 1 அல்லது 2 மில்லிமீட்டர் குட்டையாக மாற்றுங்கள். அடுத்து சுவிட்சின் பின்பக்கக் கால்கள், போர்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஈயம். போர்டைக் காப்டன் டேப்பால் சுற்றி, வெளியே தெரியும் ஒவ்வொரு பற்றிலும் ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். ஒலி வராமலும் எரியாவிட்டால் வயர் இழுபடுகிறது. சேஸிஸை (செல்லையும் போர்டையும் தாங்கும் உட்கூடு) முழுவதும் உள்ளே தள்ளும்போது கனெக்டர் வயர்கள் இறுகாமல், 2 சென்டிமீட்டர் தொய்வு இருக்குமாறு நீளம் விட்டு மறுபடி ஈயம் வையுங்கள். பற்றின் மேலேயே வளைவு விழாதபடி முதல் 5 மில்லிமீட்டரை நேராகப் படியவைத்து ஒட்டிவிடுங்கள்.